‘ஐ’யா, ‘மீ’யா, ‘மைசெல்ஃப்’பா? ஆங்கிலப் புரோனவுன்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் ஐ, மீ, மை எல்லாம் ஆரம்பப் பாடங்கள். இருந்தும் பல வருடம் ஆங்கிலத்திலேயே வேலை பார்ப்பவர்களின் மெயிலிலும் இவை இடறுகின்றன. மனப்பாடம் போதாதது காரணமில்லை. தமிழ் இந்த வேலையை வினைமுற்றின் விகுதியிலும் வேற்றுமை உருபிலும் முடித்துவிடுகிறது. ஆங்கிலமோ அதற்கென்று தனிச்சொல் கேட்கிறது. கீழே உள்ள சந்தேகங்களில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளம்புபவைதான்.

நான், என்னை, எனக்கு, என்னால், என்னோடு, என்னிடம் என்று நமக்கு இத்தனை இருக்கிறதே, ஆங்கிலத்தில் ‘ஐ’யும் ‘மீ’யும் மட்டும்தானா?

மட்டும்தான். எழுவாயாக வந்தால் ‘ஐ’. உடைமை சொன்னால் ‘மை’. மற்ற அத்தனை வேற்றுமைக்கும் ‘மீ’ ஒன்றே. ‘ஃபார் மீ’, ‘வித் மீ’, ‘ஃப்ரம் மீ’, ‘பை மீ’ எல்லாவற்றிலும் மீ மாறவே இல்லை, முன்னால் நிற்கும் சொல்தான் மாறுகிறது. நம் உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அவர்களுடையது முன்னால் தனியாக நிற்கும். அதனால் டு, ஃபார், வித், ஃப்ரம், பிட்வீன் போன்ற முன்னிடைச்சொல் எதற்குப் பின்னாலும் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் வரிசைதான் வரும். ‘வித் ஐ’, ‘ஃபார் ஹி’ என்று வரவே வராது.

முழுப் பட்டியல் ஒருமுறை கண்ணில் படட்டும். எழுவாய், செயப்படுபொருள், பெயருக்கு முன் வரும் உடைமை, தனித்து நிற்கும் உடைமை, தற்சுட்டு என்ற வரிசையில்:

ஐ – மீ – மை – மைன் – மைசெல்ஃப்
யூ – யூ – யுவர் – யுவர்ஸ் – யுவர்செல்ஃப் (பலர் என்றால் யுவர்செல்வ்ஸ்)
ஹி – ஹிம் – ஹிஸ் – ஹிஸ் – ஹிம்செல்ஃப்
ஷி – ஹெர் – ஹெர் – ஹெர்ஸ் – ஹெர்செல்ஃப்
இட் – இட் – இட்ஸ் – (தனித்து நிற்பது அநேகமாக இல்லை) – இட்செல்ஃப்
வி – அஸ் – ஔவர் – ஔவர்ஸ் – ஔவர்செல்வ்ஸ்
தே – தெம் – தேர் – தேர்ஸ் – தெம்செல்வ்ஸ்

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நிற்கும் தற்சுட்டுச் சொற்களில் ஒரு கோணல் இருப்பதைப் பாருங்கள். மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஔவர்செல்வ்ஸ் மூன்றும் உடைமைச் சொல்லின் மேல் கட்டியவை. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் இரண்டும் செயப்படுபொருளின் மேல் கட்டியவை. ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தேர்செல்வ்ஸ்’ என்று சொல்லத் தோன்றுவது நியாயமான கணக்குதான். ஆனால் பொது ஆங்கிலம் அதை ஏற்பதில்லை.

‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் ‘எனக்கு’ இருக்கிறது. அப்புறம் ஏன் ‘மீ’ வராமல் ‘ஐ ஆம் ஹங்ரி’ என்கிறோம்?

தமிழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. உணர்வு, அறிவு, விருப்பம், உடைமை எல்லாவற்றையும் தமிழ் ‘எனக்கு’ என்று சொல்லும். பசியோ பயமோ என்னிடம் வருகிறது, நான் எதையும் செய்வதில்லை என்ற பார்வை அது. ஆங்கிலம் அந்த ஆளையே எழுவாய் ஆக்கிவிடும்.

எனக்குத் தெரியும் – ஐ நோ.
எனக்குப் பிடிக்கும் – ஐ லைக் இட்.
எனக்கு இரண்டு பிள்ளைகள் – ஐ ஹேவ் டூ சில்ட்ரன்.
என்னால் வர முடியாது – ஐ காண்ட் கம்.
என்னிடம் சாவி இல்லை – ஐ டோண்ட் ஹேவ் த கீ.

எனக்கு, என்னால், என்னிடம் என்று மூன்று வேறு உருபுகள். ஆங்கிலத்தில் அத்தனையும் ஐ. உருபைப் பார்த்து மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வோம். அந்த ஆங்கில வினை யாரை எழுவாயாகக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நோ, லைக், ஹேவ், வாண்ட், நீட் எல்லாம் ஆளைக் கேட்கும் வினைகள். ‘எனக்கு வேண்டும்’ என்று மனதில் ஓடினாலும் வாயில் ‘ஐ வாண்ட்’ வர வேண்டும்.

நம் ‘எனக்கு’ மாதிரியே நடக்கும் ஆங்கில வினைகளும் சில உண்டு. ‘இட் சீம்ஸ் டு மீ’ என்பது ‘எனக்குத் தோன்றுகிறது’. ‘இட் சூட்ஸ் மீ’ என்பது ‘எனக்குப் பொருந்துகிறது’. இவற்றில் ‘மீ’யை அப்படியே விட்டுவிடலாம்.

‘மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ’ சரியா, ‘மை ஃப்ரெண்ட் அண்ட் மீ’ சரியா?

இரண்டும் சரி, இடம்தான் வேறு. கூட இருப்பவரை ஒரு நிமிடம் வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டுப் பாருங்கள். ‘ஐ வெண்ட்’ என்போம், ‘மீ வெண்ட்’ என்று சொல்ல மாட்டோம். ஆகவே ‘மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ வெண்ட்’. ‘ஷி கால்டு மீ’ என்போம், ‘ஷி கால்டு ஐ’ என்று சொல்ல மாட்டோம். ஆகவே ‘ஷி கால்டு மை ஃப்ரெண்ட் அண்ட் மீ’.

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள். சின்ன வயதில் ‘மீ அண்ட் மை பிரதர்’ என்று சொல்லித் திட்டு வாங்கியதில், ‘அண்ட் ஐ’ என்றாலே மரியாதையான ஆங்கிலம் என்று மனதில் பதிந்துபோகிறது. பிறகு ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’, ‘தேங்க்ஸ் ஃப்ரம் மை வைஃப் அண்ட் ஐ’ என்றெல்லாம் வர ஆரம்பிக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதைச் செய்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் அன்டோனியோ எழுதும் கடிதத்திலேயே ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ இருக்கிறது. நண்பர்களிடம் பேசும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தேர்வுத்தாளிலும் ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்றே எழுதுங்கள்.

தன்னைக் கடைசியில் சொல்வது மரியாதை சார்ந்த வழக்கம். இலக்கண விதி என்று அதற்கு ஏதுமில்லை.

‘மைசெல்ஃப் குமார்’ என்று அறிமுகம் செய்துகொள்வது தவறா?

புரியும், ஆனால் பொது ஆங்கிலத்தில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. ‘ஐ ஆம் குமார்’ அல்லது ‘மை நேம் இஸ் குமார்’. போனில் பேசினால் ‘திஸ் இஸ் குமார்’.

செல்ஃப் சொற்களுக்கு இரண்டே வேலை. செய்பவரும் செய்யப்படுபவரும் ஒரே ஆளாக இருப்பதைச் சொல்வது முதல் வேலை. ‘ஐ கட் மைசெல்ஃப்’ என்றால் என்னை நானே வெட்டிக்கொண்டேன். அழுத்தம் கொடுப்பது இரண்டாவது. ‘ஐ ரோட் இட் மைசெல்ஃப்’ என்றால் நானே எழுதினேன், யாரும் எழுதித் தரவில்லை. நம் ஏகாரம் செய்யும் வேலைதான். முன்னால் ‘பை’ சேர்த்து ‘பை மைசெல்ஃப்’ என்றால் தனியாக, துணையில்லாமல்.

இந்த இரண்டிலும் அடங்காத மைசெல்ஃப் பெரும்பாலும் பயத்தில் வருவது. ‘ஐ’யா ‘மீ’யா என்று தெரியாதபோது மைசெல்ஃப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறோம். அலுவலக மெயில்களில் இப்படி எழுதுவது சகஜம்:

‘மைசெல்ஃப் அண்ட் பிரியா வில் அட்டெண்ட் த மீட்டிங். ப்ளீஸ் சென்ட் த ஃபைல் டு பிரியா அண்ட் ஐ. வி வில் செக் இட்’ஸ் ஃபார்மட் அண்ட் கெட் பேக் டு யுவர்செல்ஃப்.’

முதல் வாக்கியத்தில் பிரியாவை எடுத்துவிட்டால் ‘ஐ வில் அட்டெண்ட்’. ஆகவே ‘பிரியா அண்ட் ஐ’. இரண்டாவதில் ‘சென்ட் டு மீ’. ஆகவே ‘டு பிரியா அண்ட் மீ’. முதலில் வர வேண்டிய ஐ இரண்டாவதில் போய் உட்கார்ந்திருப்பது வேடிக்கை. மூன்றாவதில் ஃபைலின் ஃபார்மட் என்ற உடைமைப் பொருள் வருவதால் அபாஸ்ட்ரஃபி (’ என்ற குறி) கூடாது. கடைசியில் வெறும் ‘யூ’ போதும். ‘யூ’ என்று எழுதினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கத்தில்தான் அங்கே யுவர்செல்ஃப் வருகிறது. அந்தத் தயக்கம் தேவையில்லை. நீ, நீங்கள், தாங்கள் மூன்றும் ஆங்கிலத்தில் அந்த ஒரே யூதான்.

‘இட்ஸ்’ என்பதில் அபாஸ்ட்ரஃபி எப்போது வரும்?

‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் அபாஸ்ட்ரஃபி போடலாம். நிற்கவில்லை என்றால் போடக் கூடாது. ‘இட்’ஸ் ரெய்னிங்’ விரிகிறது. ‘த கம்பெனி சேஞ்ச்டு இட்ஸ் லோகோ’ விரியாது. எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்டு இட்ஸ்’ என்று எழுதுகிறார்கள் சிலர். அப்படி ஒரு சொல்லே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் நம் புத்தி மந்தம் அல்ல. பெயர்ச்சொல்லில் உடைமை காட்ட அபாஸ்ட்ரஃபி எஸ் போடச் சொல்கிறார்கள், ‘ராம்’ஸ் புக்’. அதே கணக்கில் ‘இட்’ஸ் கலர்’ வர வேண்டும்தானே? 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே அப்படி எழுதினார்கள். இட்ஸ் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குத் தாமதமாக வந்தது. அதற்கு முன் அஃறிணைக்கும் ஹிஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1611இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பில் இட்ஸ் ஓரிடத்திலும் இல்லை. இன்றைய பிரதிகளில் லேவியராகமம் 25:5இல் இருக்கும் இட்ஸ் பின்னால் மாற்றியது. முதலில் அங்கே இருந்தது வெறும் ‘இட்’.

இப்போதைய விதி எளிது. ஹிஸ், ஹெர்ஸ், யுவர்ஸ், ஔவர்ஸ், தேர்ஸ், இட்ஸ் எதிலும் அபாஸ்ட்ரஃபி கிடையாது. ஹிஸ் என்பதில் போட மாட்டீர்கள் அல்லவா, இட்ஸும் அதன் இனம்தான். கடிதத்தின் கடைசியில் வரும் ‘யுவர்ஸ் சின்சியர்லி’க்கும் இது பொருந்தும்.

யுவர் – யூ’ஆர், தேர் – தே’ஆர், ஹூஸ் – ஹூ’ஸ்?

இவற்றுக்கும் அதே விரித்துப் பார்க்கும் முறைதான். ‘யூ ஆர்’, ‘தே ஆர்’, ‘ஹூ இஸ்’ என்று விரிந்தால் அபாஸ்ட்ரஃபி. தேர் மட்டும் கூடுதல் தொல்லை, ஒரே ஒலியில் மூன்று எழுத்துக்கூட்டு இருக்கிறது. உடைமைக்கு டி, எச், இ, ஐ, ஆர். ‘அங்கே’ என்பதற்கு டி, எச், இ, ஆர், இ. அங்கே என்ற சொல்லுக்குள் ‘ஹியர்’ ஒளிந்திருக்கிறது, முதலில் உள்ள டி எழுத்தை எடுத்துவிட்டுப் படித்தால் தெரியும். இரண்டும் இடத்தைக் குறிப்பவை. போன் கீபோர்டு தானாகத் திருத்தும் என்று இதில் நம்பியிருக்க வேண்டாம். மூன்றுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் அது கண்டுகொள்ளாது.

மை எங்கே, மைன் எங்கே?

பின்னால் பெயர்ச்சொல் இருந்தால் மை, இல்லாவிட்டால் மைன். தமிழிலும் அப்படித்தான், ‘என் புத்தகம்’, ‘இந்தப் புத்தகம் என்னுடையது’. ‘திஸ் புக் இஸ் மை’ என்பது ‘இந்தப் புத்தகம் என்’ என்று பாதியில் நிற்பது மாதிரி. ‘மைன் புக்’ என்பது ‘என்னுடையது புத்தகம்’.

சிக்கல் வருவது ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று சொல்ல நினைக்கும்போது. அதற்கு ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’. ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’ தவறு. ‘எ மை ஃப்ரெண்ட்’ அதைவிடத் தவறு, ஏனென்றால் எ, த, மை மூன்றும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுபவை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவருக்கு இடமில்லை. ‘த மை ஹவுஸ்’, ‘திஸ் மை பென்’ எல்லாம் இதே காரணத்தால்தான் தப்பு. அந்தப் பேனாவைத்தான் சுட்ட வேண்டும் என்றால் ‘திஸ் பென் ஆஃப் மைன்’.

ஆணுக்குச் சிக்கலே இல்லை. ‘ஹிஸ் புக்’, ‘த புக் இஸ் ஹிஸ்’ இரண்டுக்கும் ஒரே சொல். பெண்ணுக்கு ஹெர், ஹெர்ஸ் என்று பிரியும்.

‘கை கழுவினேன்’ என்பதற்கு ‘ஐ வாஷ்டு ஹேண்ட்ஸ்’ போதாதா?

போதாது. ‘ஐ வாஷ்டு மை ஹேண்ட்ஸ்’. யாருடைய கை என்று தமிழில் சொல்வதில்லை, சொன்னால்தான் விநோதமாக இருக்கும். ‘நான் என்னுடைய பல்லை விளக்கினேன்’ என்றால் பிறகு யாருடைய பல்லை என்று கேட்பார்கள். ஆங்கிலம் உடல் உறுப்பு, உடை, உறவு, கையில் வைத்திருக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் உடையவரைச் சொல்லச் சொல்லும். ‘ஹி புட் ஹிஸ் ஹேண்ட் இன் ஹிஸ் பாக்கெட்’ என்ற வாக்கியத்தில் இரண்டு ஹிஸ். தமிழில் ‘பாக்கெட்டில் கையை விட்டான்’. ஒரு ‘அவனுடைய’கூட இல்லை.

எதிர்த்திசையிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் ‘அவன் தன்னுடைய தலையைத் தன்னுடைய கைகளால் பிடித்துக்கொண்டான்’ என்று எழுதித் தள்ளுகிறார்கள். ‘தலையைப் பிடித்துக்கொண்டான்’ போதும்.

ஒரு விலக்கு. அடித்தவர், பிடித்தவர் வேறு ஆளாக இருந்து, வாங்கியவரைச் சொல்லிவிட்டால் உறுப்புக்கு ‘த’ வரும். ‘ஷி டுக் மீ பை த ஹேண்ட்’, ‘த பால் ஹிட் ஹிம் ஆன் த ஹெட்’.

‘எங்க அம்மா’ என்பதை ‘ஔவர் மதர்’ என்று சொல்லலாமா?

உங்கள் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து நின்று சொன்னால் சரி. தனியாக நின்று சொன்னால் ‘மை மதர்’. ‘எங்க வீடு, எங்க அப்பா’ என்று குடும்பத்தைப் பன்மையில் சொல்வது தமிழ் மரபு. ‘என் அம்மா’ என்று ஒற்றையாய் உரிமை கொண்டாடுவது பேச்சில் கொஞ்சம் தூக்கலாகவே கேட்கும். ஆங்கிலத்தில் அந்தக் கூச்சம் இல்லை. கேட்பவர் ‘ஔவர் மதர்’ என்றதும் பக்கத்தில் தம்பி தங்கை யாராவது இருக்கிறார்களா என்று தேடுவார்.

இதோடு சேர்ந்ததுதான் நாம், நாங்கள் விஷயம். ஆங்கில ‘வி’க்கு, கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா விலக்குகிறோமா என்ற பாகுபாடு கிடையாது. ‘வி ஆர் கோயிங் டு டின்னர்’ என்றால் கேட்பவருக்கும் அழைப்பு உண்டா இல்லையா? தமிழில் ‘நாம்’ என்றாலே விடை கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் ‘வி ஆர் ஆல் கோயிங், இன்க்ளூடிங் யூ’ என்றோ ‘மை டீம் அண்ட் ஐ’ என்றோ விளக்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது இந்த ‘வி’யைக் கொஞ்சம் பார்த்துப் போடுவது நல்லது. ‘வி நீட் டு பே திஸ் பை ஃப்ரைடே’ என்றால் பணம் கட்டப்போவது யார் என்பது தெரியாமல் போகும்.

‘ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்’ சரியா?

இல்லை. ‘சொந்த வீடு’ என்பதில் சொந்தம் தனியாக நிற்கும். ஓன் என்ற ஆங்கிலச் சொல் உடைமைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இப்படி நிற்கும். ‘ஐ ஹேவ் மை ஓன் ஹவுஸ்’, ‘எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்’ இரண்டும் சரி. ‘ஓன் பிரதர்’ என்பதும் அப்படியே. கூடப்பிறந்தவர் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘மை பிரதர்’ போதும். சித்தப்பா மகன் என்றால் அங்கே ‘கசின்’ ஆகிவிடுவதால் ஓன் போட்டுப் பிரித்துக்காட்டத் தேவையே வராது.

ஒருவரை மரியாதையாகச் சொல்ல ‘தே’ போடலாமா?

‘மை ஃபாதர் இஸ் எ டாக்டர். தே ஆர் இன் த ஹாஸ்பிடல்’ என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அப்பாவை ‘ஹி’ என்று சொல்ல நாக்கு கூசுகிறது, ‘அவன்’ என்று சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் ஹி என்பது அவனும்தான், அவரும்தான். அரசரானாலும் ஹி, ஆசிரியை ஆனாலும் ஷி. மரியாதையை சார், ப்ளீஸ், ‘குட் யூ’ (முடியுமா) போன்ற சொற்கள் சுமக்கும். மரியாதைக்காகத் தே போட்டால் கேட்பவர் அப்பாவோடு இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்றே நினைப்பார்.

ஆனால் வேறொரு காரணத்துக்காக ஒருவரைத் தே என்று சொல்வது சரியான ஆங்கிலம். ஆணா பெண்ணா தெரியாதபோதும், தெரியத் தேவையில்லாதபோதும் அது வரும். ‘சம்வன் லெஃப்ட் தேர் ஃபோன்’, ‘எவ்ரிவன் ஷுட் பிரிங் தேர் ஐடி’. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இது புழக்கத்தில் இருக்கிறது. பின்னால் வந்த இலக்கண ஆசிரியர்கள்தான் இதைக் கண்டித்து, பொதுவாகச் சொல்லும்போது ‘ஹி’ போடுங்கள் என்றார்கள். அது பெண்களை விட்டுவிடுகிறது என்ற எதிர்ப்பு வலுத்ததும் ‘ஹி ஆர் ஷி’ (அவன் அல்லது அவள்) வந்தது. ஒரு பக்கத்தில் பத்து முறை அதைப் படித்துப் பாருங்கள், சலித்துப்போகும். தன்னை ஆண் பெண் என்ற இரண்டில் எதிலும் அடக்க விரும்பாத ஒருவர், தன்னைத் தே என்று குறிப்பிடச் சொல்வதும் இப்போது பரவலாகியிருக்கிறது. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தே என்பதைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் வெளியான அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக்கையேட்டின் 7ஆம் பதிப்பும் ஒருமைத் தேயை ஆதரித்தது. ஒருவரைக் குறித்தாலும் வினை பன்மைதான், ‘தே ஆர்’. ‘தே இஸ்’ கிடையாது.

பன்மைச் சொல் ஒருவருக்கு எப்படிப் பொருந்தும் என்று வாதாட ஆங்கிலேயர்களுக்கு உரிமை இருக்கலாம், நமக்கு இல்லை. ‘அவர் வந்தார்’ என்பதில் நாம் அதைத்தானே தினமும் செய்கிறோம்? ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியம் உயர்சொல் என்று குறித்து, வழக்கில் உண்டு, ஆனால் இலக்கண நெறி அல்ல என்கிறது. ஒருமைத் தேயைப் பற்றி ஆங்கிலத்தில் நடக்கும் சண்டையும் கிட்டத்தட்ட இதே வரியில்தான் நடக்கிறது. யூ-வும் ஒரு காலத்தில் பன்மைதான். ஒருமைக்கு இருந்த ‘தவ்’ வழக்கொழிந்து யூ அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரே ஆளிடம் பேசினாலும் ‘யூ ஆர்’ என்று சொல்வது அந்தப் பழைய பன்மையின் மிச்சம்.

‘ராமு டோல்ட் சோமு தட் ஹிஸ் கார் வாஸ் ரெடி’ – யாருடைய கார்?

தெரியாது. வாக்கியத்தில் விடை இல்லை. தமிழில் ‘தன் கார்’ என்றால் ராமுவுடையது, ‘அவன் கார்’ என்றால் பெரும்பாலும் சோமுவுடையது. ஆங்கிலத்தில் ‘தன்’ கிடையாது, எல்லாம் ஹிஸ். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஒரே வாக்கியத்தில் இருந்தால் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள், அல்லது நேர்க்கூற்றாக மாற்றுங்கள். ‘ராமு செட் டு சோமு, யுவர் கார் இஸ் ரெடி’. நீதிமன்ற ஆவணங்களில் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்கும் இதே பயம் ஒரு காரணம்.

ஹிஸ், ஹெர் இரண்டும் உடையவரின் பாலைத்தான் பார்க்கும், உடைமையின் பாலை அல்ல. தம்பியின் மனைவி ‘ஹிஸ் வைஃப்’, அக்காவின் கணவர் ‘ஹெர் ஹஸ்பெண்ட்’. பிரெஞ்சு பேசுபவர்கள் இதில் திணறுவார்கள். அவர்கள் மொழியில் உடைமைச் சொல் பின்னால் வரும் பெயரோடு ஒத்துப்போகும். அவனுடைய, அவளுடைய என்று சொல்லிப் பழகிய நமக்கு இது இலவசமாகக் கிடைத்த வசதி.

‘மை பிரதர் ஹி இஸ் கமிங்’ என்று சொல்வதில் என்ன தப்பு?

எழுவாய் இரண்டு முறை வந்துவிட்டது. ‘எங்க அண்ணன் இருக்காரே, அவர் வர்றார்’ என்ற பேச்சு அப்படியே ஆங்கிலத்துக்குப் போனதன் விளைவு. பிரதர் போதும், ஹி வேண்டாம்.

இதைவிட அதிகம் நடப்பது எதிர்த்தவறு, சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது. ‘வந்தேன்’ என்பதிலேயே நான் இருக்கிறது. ‘பிடிச்சிருக்கு’ என்பதில் எது, யாருக்கு என்று எதுவுமே இல்லை, ஆனாலும் புரிகிறது. ஆங்கில வினையில் விகுதி கிட்டத்தட்ட தேய்ந்துபோய்விட்டதால் எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். எழுவாயே இல்லாத இடத்திலும் ஒப்புக்கு ஓர் ‘இட்’ வைக்க வேண்டும். ‘இட் இஸ் ரெய்னிங்’, ‘இட் இஸ் லேட்’. இந்த இட் எதையும் சுட்டுவதில்லை, காலி இடத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். செயப்படுபொருளுக்கும் இதே கண்டிப்பு. ‘டிட் யூ லைக் த மூவி?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ லைக்டு’ என்று நிறுத்த முடியாது, ‘ஐ லைக்டு இட்’. பேச்சில் நம் ஆங்கிலத்தை உடனே காட்டிக்கொடுப்பது விட்டுப்போன இந்த இட்தான்.

‘இட் இஸ் ஐ’யா, ‘இட்’ஸ் மீ’யா?

‘இட்’ஸ் மீ’. மற்றது பழைய இலக்கணப்படி சரி. ஆனால் கதவைத் தட்டிவிட்டு ‘இட் இஸ் ஐ’ என்று குரல் கொடுப்பவர் நாடகத்திலிருந்து இறங்கி வந்தவர் போலிருப்பார்.

‘என்னைவிட உயரம்’ என்று சொல்லும் ‘டாலர் தேன் மீ’யும் அப்படியே, பேச்சில் தாராளமாக வரும். ஆனால் ‘ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் மீ’ என்றால் அவளுக்கு என்னைவிட அவனைப் பிடிக்கும் என்றும் கொள்ளலாம், நான் விரும்புவதைவிட அதிகமாக அவனை அவள் விரும்புகிறாள் என்றும் கொள்ளலாம். வினையைச் சேர்த்து ‘தேன் ஐ டூ’ என்றோ ‘தேன் ஷி லைக்ஸ் மீ’ என்றோ முடித்துவிட்டால் வீண் சண்டை வராது.

பெயர்ச்சொல்லோடு அபாஸ்ட்ரஃபி எஸ் போடுவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாணவர் ஒருவர் என்றால் எஸ்ஸுக்கு முன் குறி, பலர் என்றால் எஸ்ஸுக்குப் பின். சில்ட்ரன், விமன் போல எஸ் இல்லாத பன்மைக்கு வழக்கம்போல ‘சில்ட்ரன்’ஸ்’. காலத்துக்கும் இது உண்டு. ‘டூ வீக்ஸ்’ நோட்டிஸ்’ என்பதில் வீக்ஸுக்குப் பின்னால் குறி வரும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

இருவருக்குப் பொதுவான ஒன்று என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் போதும், ‘ராமு அண்ட் மாலா’ஸ் ஹவுஸ்’. ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டுக்கும், ‘ராமு’ஸ் அண்ட் மாலா’ஸ் போன்ஸ்’. அதில் ஒருவர் நானாக இருந்தால்? ‘மாலா அண்ட் ஐ’ஸ் ஹவுஸ்’ காதில் விழும், எழுதாதீர்கள். ‘மாலா’ஸ் அண்ட் மை ஹவுஸ்’ சரி, ஆனால் கொஞ்சம் முரடாக இருக்கும். ‘ஔவர் ஹவுஸ்’ என்று சொல்லிவிட்டுப் போவது உத்தமம்.

குழந்தை, நாய், கப்பல் – இட் என்பதா, ஷி என்பதா?

பெயர் தெரிந்த நாய்க்கு ஹி அல்லது ஷி, தெருவில் போகும் நாய்க்கு இட். குழந்தையின் பெற்றோரிடம் பேசும்போது இட் வேண்டாம். ஆணா பெண்ணா தெரியவில்லை என்றால் ‘த பேபி’ என்றே சொல்லலாம். கப்பலை ஷி என்பது பழைய மாலுமி வழக்கம். கப்பல் துறையின் பழம்பெரும் செய்தித்தாளான லாய்ட்ஸ் லிஸ்ட் 2002இல் அதைக் கைவிட்டு இட்டுக்கு மாறியது. நாடுகளுக்கும் இப்போது இட்தான்.

‘மை கமிங் லேட்’ என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். ‘மீ கமிங் லேட்’ என்றுதானே பேசுகிறார்கள்?

‘நான் தாமதமாக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கு ‘ஹி டிட் நாட் லைக் மை கமிங் லேட்’ என்பது சம்பிரதாயமான எழுத்து நடை. கமிங் என்பதைப் பெயராகக் கொண்டு ‘என் வருகை’ என்கிறது அது. பேச்சில் ‘மீ கமிங் லேட்’ இயல்பு, இன்று எழுத்திலும் அதைப் பெரிதாகத் திருத்துவதில்லை. ஆனால் வாக்கியத்தின் முதலிலேயே வந்தால் ‘மை’ போடுங்கள். ‘மை கமிங் லேட் அப்செட் ஹிம்’ நன்றாக நிற்கும், ‘மீ கமிங் லேட் அப்செட் ஹிம்’ எழுத்தில் இடறும். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் ‘ஹி வாஸ் அப்செட் பிகாஸ் ஐ கேம் லேட்’. எந்தத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் குறையாது.